காலை ஆறு முதல் ஏழு வரை குழாயைத் திறந்து வையுங்கள்

தாழைப்பட்டினம் மாநகராட்சி, மூன்றாம் மீட்பு நிலையம்
பணிப் பதிவேடு
எழுதுபவர்: ந. ஆவுடையப்பன், நிலையப் பொறியாளர்

மே 2, 2081. காலை 6:10

வரத்து: 148 லட்சம் லிட்டர். வெளியனுப்பியது: 129. மாவு: ஆறு தொட்டியிலும் நலம். வாசனை: முதல் மழை விழுந்த மண். காற்றூதிகள்: பன்னிரண்டில் பதினொன்று ஓடுகின்றன. ஏழாவது வழக்கம்போல் முக்குகிறது.

புதிதாகப் பொறுப்பேற்பவருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்பது இந்தப் பதிவேட்டின் முதல் விதி. விதியை எழுதியவன் நான்தான் என்பதால் மீற முடியவில்லை. ஆகவே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளாக மழை இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கிய ஆலை 2074 புயலோடு போய்விட்டது. நகரத்தில் ஆறு லட்சம் பேர். அவர்கள் இன்று குடிப்பதும் குளிப்பதும் நேற்று அவர்களே ஊற்றிய தண்ணீரைத்தான். வீட்டுச் சாக்கடை பதினான்கு கிலோமீட்டர் பெருங்குழாயில் சரிவிலேயே ஓடி இங்கே வருகிறது. ஆறு தொட்டிகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்று சுத்தம் செய்கின்றன. வடிகட்டி, நகரத்தின் சேமிப்புத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறோம். அந்த உயிர்க் கூட்டத்துக்குக் கோப்புகளில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. நாங்கள் மாவு என்போம். நுரைக்கும், பொங்கும், பட்டினி போட்டால் புளித்துச் சாகும். இதை வளர்த்தெடுக்கப் பதினான்கு மாதம் ஆனது.

முன்பு இதுபோல் மூன்று நிலையங்கள் இருந்தன. மக்கள் சிக்கனமாகிவிட்டார்கள், தேவையில்லை என்று முதல் இரண்டையும் மூடி விழா எடுத்தோம். விழாவில் கேசரி நன்றாக இருந்தது.

மே 3, காலை 6:05

வரத்து: 139. நான்காம் தொட்டியில் லேசான புளிப்பு வாசனை. கவனிக்கவும்.

ஆணையர் அலுவலகத்திலிருந்து வாழ்த்துச் செய்தி. நகரம் தலைக்கு 23 லிட்டருக்கு வந்துவிட்டதாம். நாட்டிலேயே இதுதான் குறைவாம். படித்துவிட்டு நான்காம் தொட்டியை இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன்.

பெருங்குழாயைப் போட்ட காலத்தில் தலைக்குத் தொண்ணூறு லிட்டர் என்று வைத்துப் போட்டார்கள். அத்தனை அகலமான குழாயில் இருபத்து மூன்று லிட்டரை விட்டால் தண்ணீர் மட்டும் ஊர்ந்து வருகிறது. மற்றதெல்லாம் வழியிலேயே அடியில் உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்தது அழுகுகிறது. அழுகலில் ஊறிவரும் நீர் மாவுக்கு விஷம். நாளொன்றுக்கு இருநூறு லட்சம் லிட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று ஜனவரியிலிருந்து நான்கு கடிதம் எழுதினேன். நான்குக்கும் ஒரே பதில்: "சேமிப்பு இலக்கைப் பாதிக்கும் பரிந்துரைகளை இப்போது ஏற்பதற்கில்லை."

இங்கே இப்போது இரண்டே பேர். நானும் இயக்குநர் பிச்சையாவும். பிச்சையாவுக்கு இந்தத் தொட்டிகளோடு முப்பது வருடப் பழக்கம். அவர் கருவியைப் பார்ப்பதில்லை, குனிந்து நுரையைப் பார்ப்பார். இன்று பார்த்துவிட்டு முகமூடிகளை எடுத்துத் துடைத்து வைத்தார்.

மே 4, காலை 9:40

வரத்து: 117. நிறம்: கருப்பு. நுழைவுக் கட்டத்தில் நச்சுவாயு எச்சரிக்கை மணி இரண்டு முறை அடித்தது. முகமூடியோடு போய்ப் பார்த்தோம். நான்காம் தொட்டி முடிந்தது. நுரை இல்லை. அழுகிய முட்டை நாற்றம்.

மீதி ஐந்து தொட்டிக்கும் வரத்தை நிறுத்தி, வரும் கறுப்பை வெளியே திருப்பிவிட்டேன். இருக்கும் மாவு பட்டினியில் எட்டு, ஒன்பது நாள் தாங்கும். அதற்குள் குழாய் கழுவப்பட்டு நல்ல சாக்கடை வர வேண்டும். வராவிட்டால் மாவு செத்துவிடும். மாவு செத்தால் நகரத்துக்குச் சேமிப்புத் தொட்டியில் இருக்கும் இருபது நாள் தண்ணீர்தான். வேறு ஊரில் மாவு கேட்டு வாங்கலாம் என்று இதைப் படிப்பவர் நினைக்கலாம். கேட்டோம். அவரவர் தொட்டிக்கே இல்லை.

தீர்வு என்னவோ எளிதுதான். ஒரே மணி நேரத்தில் முந்நூறு லட்சம் லிட்டர் பெருங்குழாயில் ஒன்றாக இறங்க வேண்டும். அந்த வெள்ளம் அடியில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடும். முதலில் வரும் கறுப்பை வெளியே திருப்பிவிட்டு, பின்னால் வருவதை மாவுக்குக் கொடுப்பேன். இரண்டு நாள் தண்ணீரைக் கொட்டிப் பதினான்கு மாத உழைப்பைக் காப்பாற்றலாம்.

ஆணையரை அழைத்தேன். ஆணையர் பூரணி நல்ல நிர்வாகி. கேள்வி சரியாகக் கேட்பவர்.

"சேமிப்புத் தொட்டியிலிருந்து நேரடியாகச் சாக்கடையில் விட முடியாதா, ஆவுடையப்பன் சார்?"

முடியாது. தெருக்குழாய், தீயணைப்புக் குழாய், சாக்கடையைக் கழுவிவிடும் அடைப்பான் எல்லாவற்றையும் 2077இல் பிடுங்கி எறிந்துவிட்டோம். தண்ணீரை வீணாக்க வழியே இல்லாத நகரம் என்று பெயர் வாங்க வேண்டுமே. இப்போது தண்ணீர் சாக்கடைக்குப் போக ஒரே வழி, ஒன்றரை லட்சம் வீட்டுக் குழாய்கள். இருக்கும் பன்னிரண்டு லாரியும் சேர்ந்து ஒரு நடைக்கு ஒன்றேகால் லட்சம் லிட்டர்கூட ஊற்றாது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, உப்பு மாவைக் கொன்றுவிடும்.

"அப்படியானால் மக்களிடம்தான் கேட்க வேண்டும்" என்றார். இருப்பதிலேயே கடினமான வழி அதுதான். ஏன் என்பதை நாளை எழுதுகிறேன்.

மே 5, காலை 7:00

ஐந்து தொட்டிகள் பட்டினியில். முதல் நாள். நிறம் மாறவில்லை.

எழுதிவிடுகிறேன்.

நகரத்தின் ஒவ்வொரு தெருமுனையிலும் துளிப் பலகை என்று ஒன்று இருக்கிறது. தெருவில் தலைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று காட்டும். தெருச் சராசரியைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஊற்றிய வீட்டின் பெயரையும் காட்டும். தலைப்பு: "நேற்று மறந்தவர்கள்." தலைமை அலுவலகத்தில் நான் இருந்த காலத்தில் நான் கொண்டுவந்தது. பாராட்டினால் மக்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள், அபராதம் போட்டால் கட்டிவிட்டுப் போகிறார்கள், அடுத்த வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்றால் மட்டும் தூக்கம் கெடுகிறது. இது என் கண்டுபிடிப்பு. இதற்குப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டாம், இந்த ஊரில் பிறந்தாலே போதும்.

தண்ணீர் இணைப்பு வீட்டுக்கு வந்த மருமகள் பெயரில் இருக்க வேண்டும் என்றும் விதி போட்டோம். அவர்கள்தான் அதிகம் கூச்சப்படுவார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னது. ஆய்வு நான் செய்தது.

கவுன்சிலர்கள் தங்கள் சொந்தக்காரர் பெயரை அழிக்கச் சொல்லித் தொல்லை கொடுத்தார்கள். அதனால் பலகையில் ஏறிய பெயரை யாராலும் அழிக்க முடியாதபடியும், பலகையை யாராலும் அணைக்க முடியாதபடியும் பூட்டினேன். நாற்பது வார்டுக் குழுவும் கூடித் தீர்மானம் போட்டால்தான் திறக்கும். அன்றைக்கு அது நேர்மை என்று தோன்றியது.

இனி 2079 தீபாவளி. தீபாவளி காலையில் மீட்டர் ஓடாது, எண்ணெய் தேய்த்து ஆசை தீரக் குளியுங்கள் என்று மாநகராட்சி அறிவித்தது. மீட்டர் ஓடியது. யாரும் பார்க்கவில்லை என்றால் இவர்கள் எப்படி இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளும் பரிசோதனை அது. மறுநாள் நாலாயிரம் பெயர் பலகையில் வந்தது. ஒரே மாதத்தில் நகரத்தின் செலவு பாதியானது. எனக்குச் சால்வை போட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். இந்த மேசையில்தான் இருக்கிறது.

அன்றைக்கு இந்த ரகசியம் ஆறு பேருக்குத்தான் தெரியும். வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பரிசோதனை கெட்டுவிடும். என் மகள் சண்முகவடிவுக்கு அது தலைத் தீபாவளி. நான் அழைத்து விருந்து வைத்திருக்க வேண்டியது. அவள் அம்மா இல்லாத வீடு, நானோ அலுவலகமே கதி என்று கிடந்தேன். மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். காலையில் தொலைபேசியில் கேட்டாள், நிஜமாகவே குளிக்கலாமா அப்பா என்று. குளிம்மா, இன்றைக்கு ஒருநாள்தானே என்றேன். வந்த விருந்தாளி பன்னிரண்டு பேருக்கும் அவளே வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் உப்பாற்றுத் தெருப் பலகையில் முதல் பெயர் அவளுடையது.

நாற்பது நாள் அவள் வாசலுக்கு வரவில்லை. பரிசோதனையைச் செய்தது யார் என்று விருது விழாப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

மே 7, காலை 8:15

பட்டினி மூன்றாம் நாள். முதல் தொட்டியின் ஓரத்தில் சாம்பல் நிறம்.

ஆணையர் முடிவெடுத்துவிட்டார். மே 12, காலை ஆறு முதல் ஏழு வரை. அறிவிப்பு இன்று எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது. அனுப்பிய வாசகம் இது:

"அன்பார்ந்த தாழைப்பட்டினம் மக்களே, நம் குடிநீரைக் காப்பாற்ற வரும் 12ஆம் தேதி காலை ஆறு முதல் ஏழு வரை உங்கள் வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் திறந்து வையுங்கள். எல்லோரும் திறந்தால் யார் பெயரும் பலகையில் வராது. இது பரிசோதனை அல்ல."

கடைசி வரியைச் சேர்க்க வேண்டாம் என்றேன். சேர்க்காவிட்டால் மட்டும் நம்பிவிடுவார்களா என்று ஆணையர் கேட்டார். அதுவும் சரிதான்.

வார்டுக் குழுக்களைக் கூட்டிப் பலகையை அணைக்கப் பார்த்தார். நாற்பதில் பதினேழுதான் கூடின. மற்றவை, பலகையை அணைப்பதற்கு ஆதரவாகக் கை தூக்கினால் தங்கள் வார்டில் தண்ணீர்த் திருடர்கள் இருப்பதாகப் பேர் வந்துவிடும் என்று கூடவே இல்லை.

மே 8, பகல் 11:30

பட்டினி நான்காம் நாள். பிச்சையா காலையில் நகரத்துக்குப் போய்விட்டார். காகிதத்தைப் பார்த்தால் ஜனம் நம்பாது, ஆளைப் பார்த்தால் நம்பும் என்று அவராகவே கிளம்பினார். நானும் போயிருப்பேன். காற்றூதிகளுக்கு ஆள் வேண்டும், ஏழாவது நின்றுவிட்டது. இரண்டாம் தொட்டியை நீளக் கழியால் நான்தான் கிளறிக்கொண்டிருக்கிறேன். தோள் இரண்டும் கழன்று விழும்போல் இருக்கிறது.

பிச்சையா கம்பியில்லாக் கருவியில் அனுப்பிய செய்தி, 11:20:

"அண்ணாச்சி, என் வீட்டுக் குழாயை நானே திறந்து விட்டேன், நாலு பேர் பாக்கட்டும்னு. பாத்தாவ. பத்து நிமிசத்துல தெருவே வந்துட்டு. சண்டைக்கு வரல அண்ணாச்சி, அழுதுகிட்டு வந்தாவ. பிச்சையாவுக்குக் கிறுக்கு பிடிச்சிட்டு, மருமவ பேரு பலகையில ஏறுததுக்குள்ள அடைங்கன்னு சொல்லி, மெயின் குழாயையே சாவி போட்டு அடைச்சிட்டுச் சாவியக் கொண்டு போயிட்டாவ. நல்லது செஞ்சதா நெனச்சு எனக்குக் காப்பி வேற கொடுத்தாவ."

காப்பியை அரை டம்ளர்தான் கொடுத்தார்களாம். அந்தத் தெருவின் சராசரி 19 லிட்டர்.

மே 9, காலை 7:30

பட்டினி ஐந்தாம் நாள். முதல் தொட்டி முடிந்தது. நான்கு மிச்சம்.

சமையலறையில் இருந்ததையெல்லாம் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினேன். அரிசி பதினெட்டு கிலோ, வெல்லம் நான்கு, பால்மாவு இரண்டு டப்பா. நாற்பது லட்சம் லிட்டர் தொட்டிக்கு அது எந்த மூலைக்கு? என் சிறுநீரையும் ஊற்றினேன். இதைப் பதிவேட்டில் எழுதலாமா என்று யோசித்தேன். முழுமையாக எழுத வேண்டும் என்பது ஐந்தாம் விதி.

மூன்றாம் தொட்டியில் ஒரு மணி நேரம் நுரை வந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். சாப்பிட்ட குழந்தையைப் பார்ப்பதுபோல் சந்தோஷமாக இருந்தது. பிறகு அடங்கிவிட்டது.

மே 10, மாலை 4:20

பட்டினி ஆறாம் நாள். நான்கும் உயிரோடு. மெலிந்திருக்கின்றன.

வடிவை அழைத்தேன். தைரியம் வர ஒரு வாரம் ஆயிற்று. அவளுக்கு இப்போது நான்கு மாதக் குழந்தை, ஆண். என் அப்பா பெயரை வைத்திருக்கிறாள். தெருவில் நாலு பேரிடம் அவள் பேசினால் நாற்பது வீடு திறக்கும், உப்பாற்றுத் தெரு திறந்தால் பக்கத்துத் தெருவும் திறக்கும் என்று என்னென்னவோ கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முழுவதும் கேட்டாள்.

"அன்னைக்கும் நீங்கதான் சொன்னிய, அப்பா."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? ஒன்றரை வருடம் கழித்து, இந்தத் தொலைபேசியில், மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குத் தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். தெரியும் என்றாள். பிறகு, இது பொய்யில்லை, எல்லோரும் திறந்தால் சராசரி ஏறிவிடும், மூன்று மடங்கு யாருக்கும் வராது, யார் பெயரும் வராது என்று சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"எல்லாரும் திறப்பாவளா?"

"திறப்பாங்கம்மா."

"எங்க தெருவுல ஒருத்தரும் திறக்க மாட்டாவ. வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போறாவ, ஏமாந்துராதன்னு. என் வீட்டுக்கு ரெண்டு தடவ வந்துட்டாவ. அத்தை அன்னையிலேருந்து கோயில்ல கூட்டத்துக்குள்ள நிக்க மாட்டா, ஓரமாத்தான் நிப்பா. பிள்ள அழுதான், வைக்கேன்."

வைத்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்ததெல்லாம் இந்தக் கேடயத்தின்மேல்தான். அதைத் தூக்கி நான்காம் தொட்டியில் போட்டேன். அது மிதந்தது. பிளாஸ்டிக்காம். இத்தனை நாள் பித்தளை என்று நினைத்திருந்தேன்.

மே 11, காலை 10:00

பட்டினி ஏழு. ஐந்தாம் தொட்டி போய்விட்டது. இரண்டு, மூன்று, ஆறு மட்டும்.

ஆணையர் தாமே தெருத் தெருவாகப் போயிருக்கிறார். மக்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்களாம். எல்லோரும் தலையாட்டினார்களாம். அவருடைய செய்தி:

"யாரும் எதிர்த்துப் பேசவில்லை, சார். அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு பெண் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இந்தத் தடவை நாங்க தேறிருவோம்மா, பாருங்க' என்றாள். நான் என்ன சொன்னாலும் அவள் காதில் அப்படித்தான் விழுகிறது. இது பரிசோதனை அல்ல என்று சொல்லச் சொல்ல, பரிசோதனை என்று உறுதியாகிறது."

ஒரு நகரத்துக்கு ஒன்றைப் பழக்குவது எப்படி என்று முந்நூறு பக்க அறிக்கை எழுதியவன் நான். பழக்கியதை விடச் சொல்வது எப்படி என்று அதில் ஒரு பக்கம்கூட இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மே 12, காலை 5:40

நகரத்தின் மீட்டர்கள் எல்லாம் என் திரையில் ஓடுகின்றன. வழக்கமாக இந்த ஆறு மணியிலிருந்து ஏழு வரை பத்தொன்பது லட்சம் லிட்டர் செலவாகும். இன்று முந்நூறு வேண்டும். நூற்றைம்பது வந்தால்கூடச் சமாளிப்பேன். நூறு வந்தாலும் ஏதாவது செய்வேன்.

முகச் சவரம் செய்துகொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

காலை 6:00

தொடங்கியது.

காலை 6:03

செலவு குறைகிறது. திரையில் கோளாறு என்று நினைத்து அணைத்துப் போட்டேன். கோளாறு இல்லை.

காலை 6:07

பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் மெயின் குழாயையே அடைத்துவிட்டார்கள். கை தவறிக்கூட ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாது என்று.

பிச்சையாவின் செய்தி: "தெரு முழுக்க ஆளு வெளிய நிக்காவ, அண்ணாச்சி. ஒருத்தரும் வீட்டுக்குள்ள இல்ல. அடுத்த வீட்டுல குழாய்ச் சத்தம் கேக்கான்னு காதக் கொடுத்துகிட்டு நிக்காவ. ஒரு சத்தமும் இல்ல. பிள்ளையள்கூடப் பேசல."

காலை 6:08

ஓர் இணைப்பு. ஒன்றே ஒன்று. நிமிடத்துக்கு முப்பது லிட்டர், மூன்று குழாயும் முழுதாகத் திறந்திருக்கிறது. எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தை நிரப்பியவன் நான்.

உப்பாற்றுத் தெரு, 31.

காலை 6:10

அழைக்கிறேன். எடுக்கவில்லை. அடைத்துவிடு என்று சொல்லத்தான் அழைக்கிறேன். நகரத்தைக் காப்பாற்ற வேண்டியவன், குழாயை அடைத்துவிடு என்று சொல்ல அழைத்துக்கொண்டிருக்கிறேன்.

காலை 6:25

எடுக்கவில்லை. வேறு எந்த வீடும் திறக்கவில்லை.

காலை 6:41

வடிவு, அடைத்துவிடம்மா. அடைத்துவிடு.

காலை 7:00

சரியாக ஏழு மணிக்கு அடைத்தாள். 1,560 லிட்டர்.

நகரத்தின் ஒரு மணி நேரச் செலவு: 2.1 லட்சம் லிட்டர். இதற்கு முன் இவ்வளவு குறைந்ததே இல்லை.

காலை 7:01

ஒரு மணி நேரச் செலவு இதுவரை இல்லாத அளவு குறைந்தால் நகரத்தின் எல்லாப் பலகைகளிலும் தானாக ஓடும் செய்தி ஓடியது. வாசகம் என்னுடையது. எண்களையும் பெயரையும் மட்டும் இயந்திரம் நிரப்பிக்கொள்ளும்.

"வாழ்த்துகள், தாழைப்பட்டினம்! இந்த மணி நேரம் நம் நகரத்தின் மிகச் சிறந்த மணி நேரம். நீங்கள் அடுத்த வீட்டையும் நினைத்தீர்கள். மறந்தவர்: ஒருவர். சண்முகவடிவு, உப்பாற்றுத் தெரு 31."

தெருவுக்கு ஒரு பெயராவது இருந்திருந்தால் அந்தந்தத் தெருவோடு போயிருக்கும். நகரம் முழுவதற்கும் ஒரே பெயர் என்பதால் நாற்பது வார்டிலும் அவள் பெயர் ஓடுகிறது.

பிச்சையா சொல்கிறார், தெருவில் கை தட்டினார்களாம். பாத்தியளா, பரிசோதனைதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். நம்பித் திறந்தவள் பெயர் வந்துவிட்டது. இனி எந்த ஆணையர் வந்து என்ன சொன்னாலும் ஒருவரும் திறக்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் திறக்க மாட்டேன்.

காலை 7:15

ஆணையர் பலகையை உடைக்க ஆள் அனுப்பினாராம். மக்கள் சுற்றி நின்று விடவில்லையாம்.

காலை 9:30

பெருங்குழாயில் தண்ணீர் வந்து சேர மூன்றரை மணி நேரம் ஆகும். நுழைவுக் கட்டத்தில் முகமூடியோடு நிற்கிறேன். வரும் என்று நிற்கவில்லை. 1,560 லிட்டர் முதல் கிலோமீட்டர்கூடத் தாண்டாது. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அவள் அனுப்பியிருக்கிறாள், யாராவது நிற்க வேண்டும் அல்லவா.

காலை 10:20

குப்பையைத் தடுக்கும் நுழைவுக் கம்பிகள் காய்ந்து கிடக்கின்றன.

காலை 11:05

வடிவு அழைத்தாள்.

"அப்பா, தண்ணி வந்து சேந்துட்டா?"

பலகை, தெரு, மாமியார், ஒன்றையும் பற்றி அவள் பேசவில்லை. பின்னால் வாசலில் ஏதோ கூச்சல் கேட்டது. குழந்தை அழுதது. நீ ஏன் திறந்தாய் என்று கேட்டேன்.

"நீங்க மன்னிப்பு கேட்டியள்லா. அதுக்குப் பொறவும் திறக்காம இருந்தா எப்படிப்பா? சொல்லுங்க, வந்துட்டா?"

இந்தப் பதிவேட்டின் ஐந்தாம் விதியின்படி எழுதுகிறேன். நான் சொன்னது: "வந்துட்டும்மா. நல்லா வந்துச்சு."

அவள் சிரித்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என்னிடம் சிரிக்கிறாள்.

"அப்ப நாளைக்கும் திறக்கேன், அப்பா. நாளைக்கு இன்னும் நாலு வீடாவது திறக்கும், பாருங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. திரும்ப அழைத்தேன். யாரோ ஆண் குரல் எடுத்து, மீட்டர்க்காரரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டது.

மாலை 5:00

இரண்டாம் தொட்டி போய்விட்டது. ஆறாவதும். மூன்றாம் தொட்டிக்குக் கழியைப் போட்டேன், கிளறுகிறேன், கிளறுகிறேன், நுரை இல்லை. கை வரவில்லை. பிச்சையா திரும்பி வரவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தண்ணீர் இருக்கும் வரை வீட்டில் இருக்கட்டும்.

சேமிப்புத் தொட்டியில் பன்னிரண்டு நாள் தண்ணீர் இருக்கிறது. இந்த மக்கள் அதை இருபத்தைந்து நாளுக்குக் கொண்டுபோவார்கள். முப்பதுக்குக்கூடக் கொண்டுபோவார்கள். அவர்களைப் போல் சிக்கனம் யாருக்கும் வராது. நான் சொல்லிக் கொடுத்தது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நாற்பது வார்டுக் குழுவும் என்றாவது கூடினால், பலகையின் பூட்டைத் திறக்கும் முறை மேசையின் இரண்டாம் அறையில் எழுதி இருக்கிறது. பெயரை அழித்துவிடுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், அந்த ஒரு பெயரை மட்டும்

மே 13, காலை 5:55

வரத்து: 0. வெளியனுப்பியது: 0. மாவு: இல்லை. காற்றூதிகள்: நிறுத்தப்பட்டன.

காலை 6:00

ஒரு வீடு திறந்திருக்கிறது.

காலை 6:04

இன்னும் அந்த ஒரு வீடுதான்.